இடது முன் சக்கரம்

எங்கள் வண்டிச் சங்கத்தில் ஒருவன் செத்தால் அவன் வண்டியின் நான்கு சக்கரங்களையும் நான்கு பேர் துடைக்க வேண்டும். சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பதுபோல, சக்கரத்துக்கு நான்கு பேரை வீட்டுக்காரிதான் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். உயிரோடு இருக்கும்வரை ஒருவன் ரிம்மில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது; வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். செத்த பிறகே அந்த உரிமை. அதிலும் ஓட்டுகிறவன் பக்கத்து முன் சக்கரம், எங்கள் நாட்டு வண்டிகளில் அது இடது முன் சக்கரம், அவனுக்கு மிகவும் நெருங்கினவனுக்குப் போகும்.

எலோய் செத்தபோது அது எனக்கு வந்தது. வேறு யாருக்குப் போகும்? இருபத்தாறு வருடம் ஒருவன் வீட்டு அடுப்பில் மற்றவன் காப்பி போட்டுக் குடித்தவர்கள் நாங்கள். அவனுடைய ஒரே மகள் மார்செலாவுக்கு நான் ஞானத்தகப்பன். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த உறவை நீனோ என்று கூப்பிடுவார்கள். பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவனைக் கொம்பாத்ரே என்பார்கள், ரத்த உறவுக்கு ஒரு படி மேலே வைத்து. "கொம்பாத்ரே, இடது முன்னது உங்களுக்கு" என்று அவன் மனைவி ஃபிதேலியா போனில் சொன்னாள். எனக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

நாங்கள் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கண்ணில் படுகிற இடம் படாத இடம் எல்லாவற்றுக்கும் குரோம் பூசி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் எஸ்பான்யோலாவின் கடைவீதியில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப்போகும் ஆட்கள். வேலையற்றவர்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எலோயின் வண்டி அறுபத்து நாலாம் வருடத்து இம்பாலா, பழுத்த செர்ரியின் நிறம், சக்கரங்களில் நூறு நூறு குரோம் கம்பிகள். அந்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் ட்ருச்சாஸில் இருக்கும் அண்ணனைப் பார்த்துவிட்டு மத்தியானம் தனியாக இறங்கி வந்தான். கடைசி வளைவில் வண்டி திரும்பவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு, வாய்க்கால் சேற்றில் இறங்கி ஏறி, ஆப்பிள் தோட்டத்து ஓர மரத்தில் மோதி நின்றது. வண்டிக்கு மூக்கு மட்டும் நசுங்கியது. எலோய்க்கு நெஞ்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் அழுது அடக்கம் செய்திருப்போம். பார்க்க வந்த போலீஸ்காரர் சாலையில் மேலும் கீழும் நடந்துவிட்டு ஃபிதேலியாவிடம் ஒன்றைச் சொன்னார். தார்மேல் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை, பிரேக் போட்ட அடையாளமே இல்லை. அவர் கண்டதைச் சொன்னார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டுவதற்குள் அந்தப் பேச்சு எல்லா வீட்டுச் சமையலறைக்கும் போய்விட்டது. எலோய்க்கு ஆறு மாதமாக வேலை இல்லை. மேசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான்; சங்கக் கூட்டத்துக்கு வந்தாலும் ஓரமாக நிற்பான். இதையும் அதையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் தானே போய்விட்டான் என்று முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை இழுவை வண்டி இம்பாலாவை அவன் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கியபோது அந்த முடிவுக்கு முத்திரையும் விழுந்தது. நான்கு சக்கரங்களிலும் அப்படி ஓர் அழுக்கு. எங்கள் ஆட்கள் முகத்தைப் பார்த்து மனதை அறிகிறவர்கள் இல்லை, ரிம்மைப் பார்த்துத்தான் அறிவார்கள். பெண்டாட்டி விட்டுப்போனவன்கூடச் சனிக்கிழமை காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு சக்கரத்தின் முன் குந்தியிருப்பான். எவன் துடைக்காமல் விட்டானோ அவன் வாழ்க்கையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். எலோயின் பெரியம்மா எமிலியானா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "பாவம், ரொம்ப நாளாவே கிளம்பத் தயாராத்தான் இருந்திருக்கான்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சாலை விபத்தில் செத்தவனுக்குச் செத்த இடத்தில் ஒரு சிலுவை நடுவது எங்கள் வழக்கம். அதை இப்போதைக்கு வேண்டாம் என்று ஃபிதேலியாவே சொல்லிவிட்டதாக அன்றைக்குக் கேள்விப்பட்டேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான்கு பேரும் வாளியோடு வந்து சேர்ந்தோம். வலது முன் சக்கரத்துக்குச் சங்கத் தலைவன் போல்தோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். பின் சக்கரங்களுக்கு எலோயின் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர், அதிகம் பேசாதவர்கள். வீட்டுக்குள் பெண்கள் சாயங்கால ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கான சமையலில் இருந்தார்கள். சுட்ட மிளகாயின் வாசனை முற்றம் வரை வந்தது.

நான் என் சாமான்களைத் துணி விரித்து அடுக்கினேன். ஆபரேஷன் செய்ய வந்த டாக்டர் கெட்டார் என்றான் போல்தோ. அவன் பக்கத்தில் ஒரு பாட்டிலைப் பார்த்துவிட்டு எனக்கு எரிச்சல் வந்தது. கழிவறை கழுவும் அமிலம். செத்தவன் சக்கரத்துக்கு இதைக் கொண்டுவர எப்படி மனம் வந்தது என்று கேட்டு, பிடுங்கி வேலியோரம் வைத்தேன். பிரேக் தூசி என்பது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேட் தேயும்போது உதிரும் கரியும் இரும்புப் பொடியும். புதிதாக இருந்தால் சோப்புத் தண்ணீரிலேயே வந்துவிடும். சூட்டோடு ஒட்டிக்கொண்டால் சட்டியின் அடிக்கரி மாதிரி பிடித்துக்கொள்ளும். அமிலம் ஊற்றினால் அது போகும்தான், ஆனால் குரோமும் கூடவே போய், பத்து நாளில் துரு வெளியே வந்து நிற்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று திட்டினேன். துக்க வீட்டில் நான் கத்துவது அவனுக்குப் பழகிப்போன ஒன்று.

முதலில் வெறும் தண்ணீர். பின் சக்கரங்களில் குழாயைப் பிடித்ததும் சேறு கரைந்து ஓடியது. அடியிலிருந்து குரோம் அப்படியே பளிச்சென்று வந்தது. போல்தோவின் சக்கரத்திலும் அப்படியே. கம்பிகள் சேருமிடத்தில் பாலிஷ் மிச்சம் வெள்ளையாக உறைந்து நின்றது. எல்லோருக்கும் புரிந்தது. எலோய் சனிக்கிழமை சக்கரங்களைத் துடைத்திருக்கிறான், எப்போதும்போல, கம்பி கம்பியாக. அழுக்கு என்று நாங்கள் பார்த்ததெல்லாம் வாய்க்கால் சேறு.

எனக்கு நெஞ்சு லேசானது. போல்தோ குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தையும் சுத்தமா வச்சிட்டுப் போயிருக்கான்டா" என்றான். நேற்று துடைக்காததால் செத்தான், இன்றைக்குத் துடைத்துவிட்டுச் செத்தான். ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களுக்கு எதைக் காட்டினாலும் அது அந்த முடிவில்தான் போய் உட்காரும்.

என் சக்கரத்துக்குக் குழாயைத் திருப்பினேன். சேறு போனது. கருப்பு போகவில்லை.

இரும்புத் தூசியைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு. அழுகின முட்டை நாற்றம். இரும்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஊதா நிறமாக மாறி வழியும். நான்கு சக்கரத்துக்கும் அடித்தேன். மற்ற மூன்றிலும் அங்கங்கே நூல் நூலாக ஊதா இறங்கியது, ஒரு நாள் ஓட்டத்துக்கு அவ்வளவுதான் இருக்கும். என் சக்கரம் முழுவதும் ஊதாவாகி, கம்பி கம்பியாக ஒழுகி, தரையில் குட்டையாகத் தேங்கியது. உன்னுடையது என்ன சுரங்கத்துக்குள் போய்விட்டு வந்ததா என்று போல்தோ கேட்டான். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். அவன் பஸ் ஓட்டுகிறவன். நான் பிரேக் மெக்கானிக்.

கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தடவினேன். உள் பக்கத்துக் குரோம் வைக்கோல் நிறத்தில் தொடங்கி நீலத்தில் முடிந்தது. சூட்டில் வெந்த குரோமுக்குத்தான் அந்த நிறம். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பிரேக் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்துபோயிருந்தது. ஜூலையில் நான் மாட்டின புது பேட்.

எல்லாம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு நிமிடத்தில்.

ஜூலையில் அல்புகெர்க்கி நகரத்தில் பெரிய வண்டிக் கண்காட்சி. எங்கள் கண்காட்சிகளில் வண்டிக்கு அடியில் தரையில் கண்ணாடி விரித்து வைப்பார்கள், வயிற்றுப் பக்கமும் மின்னுகிறதா என்று பார்ப்பதற்கு. எலோயின் பழைய பிரேக்கை எடுத்துவிட்டு முன்னால் இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் மாட்டிக் கொடுத்தேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், அது வழுக்கி நகர்கிற பின்கள், எல்லாவற்றையும் குரோம் பூசக் கொடுத்தேன். பின்களுக்கும் பூசவா என்று பூசுகிறவர் கேட்டார். பூசக் கூடாது என்று எனக்குத் தெரியும். பூச்சு ஏறினால் பின் ஒரு மயிரளவு தடிக்கும், துளையில் இறுகும். ஆனாலும் பூசுங்கள் என்றேன், கண்ணாடியில் தெரியுமே. திரும்பி வந்ததும் வலது பக்கத்துப் பின்களை அரை நாள் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தள்ளினால் நகரும்படி செய்தேன். இடது பக்கத்துக்கு வரும்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விடியும் முன் கிளம்ப வேண்டும். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். உள்ளே போய்விட்டது. எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

செப்டம்பரில் எலோய் ஒருநாள் என்னிடம் சொன்னான். "செனியோ, இடது பக்கம் லேசா இழுக்குதுடா." புது பேட், பழகிவிடும், நேரம் கிடைக்கும்போது கொண்டுவா என்றேன். அவன் கொண்டுவரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடைவீதியில் நடக்கிற வேகத்தில் போகிற வண்டிக்கு அது போதும்தான். மலைக்குப் போதாது. அந்தப் பின் இறுகினால் கவ்வின காலிப்பர் விடாது; விடாமல் தேய்ந்தால் சூடு; இறக்கத்தில் சூடு ஏறி ஏறிப் பிரேக் எண்ணெய் கொதிக்கும். கொதித்துவிட்டால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. பழைய வண்டி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். ஒன்று போனால் நான்கும் போகும். எவ்வளவு மிதித்தாலும் தார்மேல் ஒரு கோடும் விழாது.

இதற்குப் பிறகு நான் செய்ததை யாருக்கும் சொல்லாமலே இருந்துவிடலாம். சொல்கிறேன். பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, கரியின் மேல் மெதுவாக, குரோமில் கீறல் விழாமல் தேய்த்தேன். துணியைக் கிழித்துக் கம்பிக்குப் பின்னால் கொடுத்து முன்னும் பின்னும் இழுத்தேன். மேலிருந்து தொடங்கிக் கடிகார முள் போகிற பக்கமாக ஒவ்வொரு கம்பியாக வந்தேன். மனது எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. துடைக்கச் சொன்னது அவன் பெண்டாட்டி. துடைப்பது வழக்கம். அடக்கம் முடிந்தால் வண்டி கொட்டகைக்குப் போய்விடும், சுத்தமான சக்கரத்துக்குப் பின்னால் எவனும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகளுக்கு நான் தொட்ட பிரேக். நாளைக்கு என் கடை வாசலில் யார் வந்து நிற்பார்கள்? செத்தவன் செத்துவிட்டான், பேர் எப்படிப் போனால் அவனுக்கு என்ன. கடைசியாகச் சொன்னதை நினைத்தபோதும் என் கை நிற்கவில்லை. பாதிச் சக்கரம் புதிது மாதிரி வந்துவிட்டது.

அப்போதுதான் மார்செலா காப்பியும் சோம்பு பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வயது, அப்பாவின் தாடை. மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். டென்வருக்குப் போய் வேலை தேடப் போவதாக அன்றைக்கு அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி சரி என்று மட்டும் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த வீட்ல ஒரு பொணம் உக்காந்திருக்கு, அதுக்குத் தெனம் சோறு வேற போடறோம்னு சொன்னேன், நீனோ. அப்பா என்னைப் பாத்தாரு. சாவிய எடுத்துக்கிட்டு, பெரியப்பாவப் பாத்துட்டு வரேன்னு போய்ட்டாரு."

பிறகு அழாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, இதைச் சொன்னாள்:

"பிரேக்ல காலை வைக்கணும்னுகூட அவருக்குத் தோணலை பாருங்க. அவ்வளவு வெறுக்க வச்சிருக்கேன்."

நான் துணியைக் கீழே போட்டேன். நல்லவனாக இருந்ததால் இல்லை. இன்னும் ஒரு கம்பியைத் துடைத்தால், இந்தப் பெண்ணின் தலையில் அதைக் கட்டிவிடுவது நான்தான் என்று தெரிந்தது. அவளை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தினவன் நான்.

"மிதிச்சான்மா" என்றேன். "உங்கப்பன் மிதிச்சான். பிடிக்கலை. பிடிக்காமப் போனது என் வேலையால."

அவளுக்குப் புரியவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். சத்தம் கேட்டுப் போல்தோ நிமிர்ந்தான். கழுவிய சக்கரத்தைக் கழற்றுவது வழக்கத்தில் இல்லை. எரிந்துபோன பேடைக் காட்டினேன். பின்னைக் காட்டினேன், இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அப்புறம் போல்தோவின் சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, வலது பக்கத்துப் பின்னை அவளையே ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். வழுக்கிப் போனது. குரோம், சுத்தியல், செப்டம்பரில் அவன் சொன்னது, நான் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பின் சக்கரங்களில் இருந்த இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபிதேலியா எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. கையெல்லாம் மாவு. திரும்பினபோது எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முடித்ததும், எனக்கு இது தெரிந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் இருக்கும் என்றேன்.

"அந்த முக்கால் மணி நேரமும் என்ன பண்ணிட்டிருந்தே, செனியோ?"

கொம்பாத்ரே போய்விட்டது. 'நீங்கள்' என்பதும் போய்விட்டது. சக்கரம் வேலியில் சாய்ந்து கிடந்தது. மேல் பாதி வெயிலில் கண்ணைக் கூசியது, கீழ்ப் பாதி கரி. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த அலுமினியத் தாளையும், துணியையும், என் விரல்களையும் பார்த்தாள். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள் மார்செலாவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். ஐந்து நாளாக அழாதவள் என்று பிறகு சொன்னார்கள். அழுது ஓய்கிறவரை நாங்கள் நான்கு ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். பிறகு ஃபிதேலியா போல்தோவைக் கூப்பிட்டு, சாலையோரச் சிலுவைக்கு இன்றைக்கே மரம் வாங்கிவரச் சொன்னாள். என்னிடம் திரும்பினாள்.

"சக்கரத்த மாட்டு. மிச்சத்தத் தொடாதே. நாளைக்கு இப்படியேதான் போகும். நீ அது பக்கத்துலயே நடந்து வா. கேக்கறவங்களுக்கு நீயே சொல்லு. நானும் சொல்ல மாட்டேன், எம் பொண்ணும் சொல்ல மாட்டா."

சங்கம் தொடங்கின நாளிலிருந்து அழுக்குச் சக்கரத்தோடு ஒரு வண்டியும் கல்லறைக்குப் போனதில்லை என்று போல்தோ மெதுவாகச் சொன்னான். போகட்டும் என்றாள் அவள். உள்ளே போய் மாவைப் பிசைந்தாள்.

மத்தியானம் நானே போலீஸ்காரருக்குப் போன் செய்தேன். வந்தார், படம் எடுத்தார், எழுதிக்கொண்டார், இறுகின இரண்டு பின்களையும் சுத்தியலால் தட்டிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அடக்கம் முடிந்ததும் வண்டியை எடுத்துப்போவதாகச் சொன்னார். என்னை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அது பின்னால் தனியாக நடந்தது, இங்கே சொல்ல அவசியமில்லை.

சனிக்கிழமை பூசை முடிந்து பத்தரைக்குக் கிளம்பினோம். கோயிலிலிருந்து கல்லறைக்கு முக்கால் மைல். முன்னால் பெட்டி, அதன் பின்னால் ட்ரெய்லரில் இம்பாலா, அப்புறம் சங்கத்து வண்டிகள் பதினெட்டு, தரையை உரசிக்கொண்டு, நடக்கிறவர்களுக்கு ஈடாக. மூன்று சக்கரங்கள் வெயிலை வாங்கித் திருப்பி அடித்தன. நான்காவது பாதி மின்னி, பாதி கருத்து, எல்லோர் கண்ணையும் இழுத்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் கோட்டுப் போட்டு நடக்கிற என்னைப் பார்த்தார்கள்.

முதலில் எமிலியானாதான் வந்தாள், ஜெபமாலையோடு. உன் கையில் கொடுத்த சக்கரமா இந்தக் கோலத்தில் வருகிறது, வெட்கமாக இல்லையா என்றாள். சொன்னேன். எலோய் பிரேக்கை மிதித்தான், பிடிக்கவில்லை, தப்பாக மாட்டினவன் நான். அவள் காது மந்தம், உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உரக்கச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சாலை ஓரமாக ஒதுங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டு, தன்னை மன்னிக்கச் சொல்லி எலோயின் பேரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு வாசலிலும் யாராவது கேட்டார்கள். போன மாதம் நான் பிரேக் பார்த்துக் கொடுத்த ஒருவன் ஒன்றும் சொல்லாமல் வரிசையிலிருந்து விலகி, தன் வண்டி நின்ற பக்கம் போனான். ஒருவன் என் தோளைப் பிடித்து, எல்லோருக்கும் கை தவறுவதுதான் என்றான். முதல் ஆளைவிட இரண்டாம் ஆளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

கல்லறைக்குத் திரும்புகிற மண் பாதையில் ட்ரெய்லர் வேகத்தைக் குறைத்தது. அம்மாவின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த மார்செலா பின்தங்கி என் பக்கம் வந்து சேர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தபடி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"எத்தனை தடவ மிதிச்சிருப்பாரு?"

அந்த இறக்கத்தை நான் ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறேன். மிதி தரைக்குப் போகத் தொடங்குகிற இடத்திலிருந்து அந்த மரம் வரை அரை மைல் இருக்கும்.

"விடாம மிதிச்சிருப்பான். ஒரு தடவ பிடிக்கலைன்னா உடனே மறுபடி. மரம் வர்ற வரைக்கும் மிதிச்சிருப்பான்மா. வீட்டுக்கு வரணும்னுதான் மிதிச்சிருப்பான்."

காலடியில் மண் நெரிந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். கல்லறை வாசல் வரை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.